கரையில் ஒரு குறையும் இல்லாத இஞ்சின்

நிறத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஓட்டப்பிடாரத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் மரச்சட்டத்தில் மாட்டியிருந்த அந்தப் பழைய அவுட்போர்டு இஞ்சினைப் போல இவ்வளவு மனம்வைத்துப் பெயின்ட் அடித்த ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மேல்மூடி, தண்டு, கியர்பாக்ஸ், புரொப்பல்லர் எல்லாம் ஒரே வெள்ளை. மற்ற இஞ்சின்களில் போல்ட் தலைகள் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஸ்பானர் பட்ட தழும்பும், வழுக்கித் தேய்ந்த மூலையும் பார்த்தவுடனே தெரிந்துவிடும். இங்கே போல்ட்டும் உடம்பும் ஒன்றாகிக் கிடந்தன. யார் திறந்தார்கள், எத்தனை முறை திறந்தார்கள் என்ற பழங்கதை எதையும் அது யாரிடமும் சொல்லாது.

ஜிங்க் கட்டியையும் பெயின்ட் விட்டுவைக்கவில்லை. உப்புத்தண்ணீர் அலுமினியத்தை அரிக்காமல் இருப்பதற்காகத் தன்னை அரிக்கக் கொடுக்கும் கட்டி அது. தண்ணீர் அதன் மேல் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும். அந்தச் சின்னக் கட்டிக்குக்கூட ஒரு துன்பம் வரக்கூடாது என்று மூடிவைத்த மனது எவ்வளவு இளகியதாக இருக்க வேண்டும்! அதன் பங்கு அரிப்பை கியர்பாக்ஸ் ஏற்றுக்கொண்டிருந்தது. புரொப்பல்லருக்கு மேலே, பெயின்டுக்கு அடியில், விரல் நுனி பதியும் அளவுக்குக் குழிகள்.

அடக்கத்திலும் அதற்கு ஈடில்லை. படகின் பின்பலகையில் பிடித்துக்கொள்ளும் கவ்வியில்தான் பொதுவாகச் சீரியல் நம்பர் தகடு இருக்கும். அதைப் பார்த்தால் எந்த வருஷத்து மாடல், என்ன பிஸ்டன், எந்த சீல் என்று உதிரிப் பாகம் விற்கும் கடையில் கேட்டு வாங்கலாம். திருட்டுப்போன இஞ்சினா என்றும் விசாரிக்கலாம். இந்த இஞ்சின் தன் பெயரையும் வயதையும் சொல்லிப் பெருமை தேடுவதில்லை. தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவிட் ஓட்டைகள் மட்டும், அவையும் வெள்ளையில் அடைபட்டு. எந்தக் கம்பெனி என்று நானும் எழுதப்போவதில்லை. செய்தவர்கள் நன்றாகத்தான் செய்து அனுப்பியிருப்பார்கள்.

வாங்க வந்தவர் தருவைகுளத்துத் தம்பி ஒருவர். தருவைகுளம் ஓட்டப்பிடாரம் தாலுகாதான். ஆனால் இந்த ஊர் கரிசல் காட்டுக்குள், அந்த ஊர் அலைவாய்க் கரையில். சின்ன ஃபைபர் வள்ளம், நண்டு வலை, தீவுகளை ஒட்டிய தொழில். இருந்த இஞ்சின் போய்விட்டது. புதிது வாங்க வழியில்லை. வீட்டு நகையை அடகு வைத்த பணம் சட்டைப்பையில் இருந்தது. கூட ஒரு மெக்கானிக் அண்ணனையும் என்னையும் அழைத்து வந்திருந்தார். கடலே கண்ணில் படாத ஊரில் படகு இஞ்சின் விற்பதில் உள்ள தொலைநோக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது. இங்கே அலை கிடையாது, காற்று கிடையாது, இஞ்சினைச் சோதிக்கும் எந்தத் தொந்தரவும் கிடையாது. கொட்டகையில் நின்ற வரையில் அது ஒருவரையும் நடுக்கடலில் விட்டதில்லை என்று விற்பவர் சத்தியம் செய்திருக்கலாம். அது முழுக்க உண்மையாகவே இருந்திருக்கும்.

விற்பவரின் உபசாரம் அதற்கும் மேல். “ஒத்த இழுப்புல கிளம்பும் தம்பி, பாருங்க” என்று கயிற்றைச் சுண்டினார். கிளம்பியது. தம்பியின் முகம் மலர்ந்தது. மெக்கானிக் அண்ணன் மட்டும் இஞ்சினை நிறுத்தச் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. நாங்கள் உள்ளே நுழைந்தவுடனேயே, பேச்சுக்கு முன்னால், மேல்மூடியைத் தூக்கி சிலிண்டர் ஹெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருந்தார் அவர். இளஞ்சூடு. விருந்தாளி வருவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவைத்த வீடு. பழைய டூ-ஸ்ட்ரோக் இஞ்சின் ஒன்று நல்லதா இல்லையா என்பதை அது ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த பிறகு விடிகாலையில் கிளம்புகிற விதத்தில்தான் பார்க்க வேண்டும். கடலுக்குப் போகிறவன் அதை எழுப்புவது அந்த நேரத்தில்தானே. அந்தச் சிரமத்தை நாங்கள் படக்கூடாது என்று ஒருவர் எங்களுக்காக முன்கூட்டியே பட்டிருந்தார்.

கம்ப்ரெஷன் கேஜை மாட்டினோம். இரண்டு சிலிண்டர் இஞ்சின். பிளக்கைக் கழற்றி, கேஜைத் திருகி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக் கயிற்றை இழுத்தால், அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று முள் காட்டும். எண் மாடலுக்கு மாடல் மாறும். எண்ணைவிட முக்கியம் இரண்டு சிலிண்டரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்பது. பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒன்றில் ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது பிஸ்டன் கீறியிருக்கிறது, அல்லது கேஸ்கட் போயிருக்கிறது. மேலே உள்ளது 105 காட்டியது. கீழே உள்ளது 70. கூடப்பிறந்தவனின் வேலையையும் தன் தோளில் சுமக்கும் அந்த மேல் சிலிண்டரை வாழ்த்தத்தான் வேண்டும். இப்படிப்பட்ட பாசம் மனிதரிடம்கூட அரிது. எவ்வளவு நாள் சுமக்கும் என்பதை மட்டும் அண்ணன் சொல்லவில்லை, தலையை ஆட்டினார்.

கழற்றிய பிளக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேல் பிளக் பழுப்பாகவும் எண்ணெய்ப் பசையாகவும், சாதாரணமாக உழைத்த பிளக் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கீழ் பிளக்கோ கண்ணைப் பறித்தது. கரி இல்லை, பிசுக்கு இல்லை, கழுவித் துடைத்த சுத்தம். தம்பிக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம். அந்தச் சுத்தத்துக்குக் காரணம் துணி அல்ல, தண்ணீர். கேஸ்கட் ஓரமாகக் கசியும் குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் போய், வெப்பத்தில் ஆவியாகி, கரியையெல்லாம் வெளுத்துவிடும். அப்படி வெளுத்த சிலிண்டரில் பேரிங்கும் உள்சுவரும் உப்புநீரில் ஊறிக்கொண்டிருக்கும். அழுக்கே இல்லாத அந்தப் பிளக்தான் அன்றைக்கு அந்தக் கொட்டகையில் உண்மையைச் சொன்ன முதல் சாமான்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஏமாறுகிறவர்கள் அதிகமாக ஏமாறுவது அங்கேதான். தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும் பகுதி அது. உள்ளே எண்ணெய், வெளியே கடல். நடுவில் புரொப்பல்லர் தண்டைச் சுற்றியிருக்கும் ஒரு ரப்பர் சீல் மட்டும். கடலில் மிதக்கும் தங்கூசி நைலான் நூல் சுற்றிக்கொண்டால் போதும், அது தண்டோடு சுழன்று சுழன்று சீலை அறுத்துவிடும். பார்க்க வேண்டிய வழி சுலபம்: கீழ்த் திருகை லேசாகத் தளர்த்து. எண்ணெயைவிடத் தண்ணீர் கனம். உள்ளே தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். அண்ணன் தளர்த்தினார். தண்ணீர் வரவில்லை. தேன்நிறத்தில், தெளிவாக, வாசனைகூட மாறாத எண்ணெய் வந்தது. “கண்ணும் கருத்துமாப் பாத்துக்கிட்ட இஞ்சின் அண்ணாச்சி, ஆயில் மாத்துறதுல நான் கஞ்சத்தனம் பண்ணமாட்டேன்” என்றார் விற்பவர். அதில் பொய்யே இல்லை. அந்த எண்ணெய் இஞ்சினோடு ஒரு மணி நேரம்கூட வாழ்ந்ததில்லை. எங்களுக்காகவே வந்த எண்ணெய் அது. வருகிறவர்கள் மேல் இவ்வளவு மரியாதை!

புரொப்பல்லரைக் கழற்றினார் அண்ணன். விற்பவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் தடுக்கவில்லை. அதற்கு உண்மையாகவே நன்றி. தண்டில் கம்பெனி போட்ட மெல்லிய பின்னுக்குப் பதில் ஒரு துண்டு இரும்பாணி இருந்தது. மெல்லிய பின்னின் வேலையே உடைவதுதான். கல்லிலோ கடலடிப் பாரிலோ புரொப்பல்லர் மோதினால் அது தான் உடைந்து கியரைக் காப்பாற்றும். இந்த ஆணி எதற்கும் உடையாது. உடைய வேண்டியது எதுவோ அது உடையட்டும் என்று விட்டுவிடும் உறுதி அதற்கு. ஆணிக்குப் பின்னால், தண்டோடு இறுகி, கண்ணாடி போல மின்னும் தங்கூசிச் சுருள்.

பிறகு டிரம். பாதியாக வெட்டிய நீல டிரம்மில் தண்ணீர் நிறைத்து இஞ்சினை இறக்கினோம். தண்டின் பக்கவாட்டில் ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். பம்பு வேலை செய்கிறது, இஞ்சின் குளிர்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. ஆரம்பத்தில் நன்றாகவே பீச்சியது. கொஞ்ச நேரத்தில் நூலாக மெலிந்தது, பிறகு சொட்டியது. கரையில் வருஷக்கணக்காகக் காய்ந்த ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் ஒரு பக்கமாகவே வளைந்து விறைத்துவிடும். கடலில் ஓட்டிய பிறகு நன்னீரில் ஓட்டிக் கழுவாத இஞ்சினில் நீர்வழி முழுக்க உப்பு கட்டியாகப் படியும். இரண்டில் எதுவென்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். இஞ்சினை நிறுத்தச் சொன்னார் அண்ணன். கைவைக்க முடியாத சூடு. மறுபடி கயிற்றை இழுத்தார். வரவில்லை. தம்பி இழுத்தார். வரவில்லை. “சூடாயிருக்கு, கொஞ்சம் ஆறட்டும்” என்றார் விற்பவர். பழைய இக்னிஷன் காயில் சூடேறினால் உள்ளே விரிசல்விட்டு ஸ்பார்க்கைத் தரையிறக்கிவிடும். ஆறியதும் மறுபடி நல்லவனாகிவிடும். தனக்கு எப்போது ஓய்வு வேண்டும் என்று வாய்திறந்து கேட்கத் தெரிந்த இஞ்சின்.

ஆறுகிற நேரத்தில் கீழ்த் திருகை மறுபடி தளர்த்தினார். தேன்நிறம் போய்விட்டிருந்தது. தண்ணீர் கலந்து, பால் டீ வந்தது.

பழைய இஞ்சின் என்பதாலேயே நான் இதைக் குறைசொல்லவில்லை. அப்படி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1909-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த இஞ்சினிலிருந்து இன்றுவரை அவுட்போர்டின் அடிப்படை பெரிதாக மாறவில்லை: மேலே இஞ்சின், நடுவே தண்டு, கீழே கியர், புரொப்பல்லர். அந்த எளிமையால்தான் பழைய டூ-ஸ்ட்ரோக்கை ஒரு ஸ்பானர் செட்டோடு கடற்கரையிலேயே பிரித்துக் கட்ட முடிகிறது. ஒழுங்காகக் கழுவி, சரியான அளவில் எண்ணெய் கலந்து ஓட்டிய பழைய இஞ்சின் புதியதைவிட நம்பகமாக உழைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவும் மாடலுக்கு மாடல் மாறும்: பழைய மாடல்கள் சிலவற்றுக்கு 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், பிறகு வந்தவற்றுக்கு 50-க்கு ஒன்று. தகடு இல்லாத இஞ்சினுக்கு எது? ஊகிக்கத்தான் வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வயது குற்றமில்லை. வயதை மறைத்ததுதான் குற்றம்.

விலையைச் சொல்ல மறந்துவிட்டேன். சந்தை விலையில் பாதிகூட இல்லை. தாராள மனசு.

மலிவான விலைக்கு மயங்குவதில் என்ன ஆபத்து என்று உலகத்தில் வேறு எந்த ஊருக்குத் தெரியாவிட்டாலும் ஓட்டப்பிடாரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1872 செப்டம்பர் 5-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர் இது. 1906 அக்டோபரில் அவர் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு, மூலதனம் 10 லட்சம். முதலில் பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்கடியில் அந்த வாடகை முறிந்தது. அடுத்தவர் கையில் இருக்கும் இஞ்சினை நம்பித் தொழில் நடத்த முடியாது என்று வ.உ.சி. அப்போது கண்டுகொண்டார். அதன் பிறகுதான் காலியா, லாவோ என்று சொந்தக் கப்பல்கள். 1907-ல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

அப்போது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி காட்டிய வள்ளல்தன்மையை இந்தக் கடற்கரை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடி–கொழும்பு கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்ததும், இன்னும் குறைத்தது. பிறகு காசே வேண்டாம், சும்மா வாருங்கள் என்றது. வருகிறவர்களுக்குக் குடையும் கொடுத்தது. வெயிலில் நம் ஜனங்கள் வாடக்கூடாது என்று ஒரு கப்பல் கம்பெனி கவலைப்பட்டது வரலாற்றில் அதற்கு முன் நடந்ததில்லை. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். ஜூலை 7-ல் தண்டனை. 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைந்து, அதன் கப்பல் அதே போட்டிக் கம்பெனிக்கே விலைபோனது. அதற்குப் பிறகு யாருக்கும் குடை கொடுக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை. பாதி விலை, கால் விலை, இலவசம் என்று ஒருவர் இறங்கி வரும்போது அவர் எதை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போகிறார் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்த மண் இது. அந்த மண்ணில் நின்றுகொண்டு விற்பவர் தருவைகுளத்துப் பையனிடம் பாதி விலை சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. நண்டு வலைத் தொழிலில் இஞ்சினை ஒரு முறை கிளப்பினால் போதாது. சாயங்காலம் வலையை வைத்துவிட்டு, விடியுமுன் மறுபடி போய், வலை கிடக்கும் இடத்தில் இஞ்சினை நிறுத்தி, வலையை இழுத்து ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் சூடாக இருக்கும் இஞ்சினைத் திரும்பக் கிளப்ப வேண்டும். இந்த இஞ்சின் ஓய்வு கேட்கும் நேரம் சரியாக அதுதான். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். இஞ்சின் ஓய்வெடுக்கிற ஒவ்வொரு நிமிஷமும் வள்ளம் கரையைவிட்டு விலகும். இந்த இஞ்சின் உள்ளவன் ஒருநாளும் தனியாகக் கரைக்கு வரமாட்டான். எப்போதும் இன்னொரு வள்ளம் கயிறு கட்டிக் கூட்டிக்கொண்டு வரும். ஊர் ஒற்றுமைக்கு இதைவிடப் பெரிய தொண்டு எது? தன் வலையை விட்டுவிட்டு இழுத்து வருகிறவனுக்கு அன்றைய பிழைப்பு போகும். அவனும் ஒன்றும் கேட்கமாட்டான், கடல் வழக்கம் அது.

“அண்ணாச்சி, தருவைகுளத்துக்குக் கொண்டு வாங்க. வள்ளத்துல மாட்டி அரை மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டு அப்பவே காசு தாரேன்” என்றார் தம்பி. கேட்டது பெரிய காரியமில்லை. இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்திலேயே அந்த முறை இருந்தது: குளிப்பை அறிவிக்கும் முன்னால் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பியை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பே இல்லை. ஆனால் திறந்து பார்த்த பிறகு விலை பேசும் வழக்கம் ஏன் போக வேண்டும்? இஞ்சினுக்கு மாதிரி என்பது பாரத்தோடு கடலில் ஓடும் அரை மணி நேரம்தான். டிரம்மில் புரொப்பல்லருக்குத் தள்ள எதுவும் இல்லை. வள்ளம் நகர்ந்தால்தான் பம்பு போதுமா, கியர் நழுவுகிறதா, புரொப்பல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கி இஞ்சின் மட்டும் அலறுகிறதா என்பது தெரியும்.

“நம்பிக்கை இருந்தா வாங்குங்க தம்பி, இல்லேன்னா விடுங்க” என்றார் விற்பவர். நம்பிக்கையின் அருமையை இவ்வளவு அழுத்தமாக எடுத்துச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையை அரை மணி நேரம் கடலில் இறக்கிப் பார்க்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை. தம்பி பணத்தை எண்ணவில்லை. கிளம்பினோம்.

பிற்பாடு தம்பி வேறொரு பழைய இஞ்சினை, தன் ஊர்க்காரர் ஒருவரிடமே வாங்கினார். பெயின்ட் உதிர்ந்து, ஜிங்க் பாதி கரைந்து, கவ்வியில் தகடு துருப்பிடித்து நின்றது அது. இரண்டு சிலிண்டரும் ஏறத்தாழ ஒன்றாக அழுத்தம் காட்டின. விற்றவரே விடிகாலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பி, கூடவே கடலுக்கு வந்தார். விலை அதிகம். மீதிக்கு இன்னொரு நகை அடகுக்குப் போனது.

அந்த வெள்ளை இஞ்சின் கொட்டகையில் இப்போது இல்லை என்று கேள்விப்பட்டேன். யாரோ வாங்கியிருக்கிறார்கள். எந்தக் கரை என்று தெரியவில்லை. உங்கள் ஊரில் யாராவது சமீபத்தில் பளிச்சென்று பெயின்ட் அடித்த, தகடு இல்லாத, புரொப்பல்லரில் இரும்பாணி போட்ட இஞ்சினோடு வந்திருந்தால் அவரிடம் சொல்லுங்கள்: காசு போனது போகட்டும், கடலுக்குப் போகும் முன் ஜிங்கிலிருக்கும் பெயின்டைச் சுரண்டிவிட்டு, சீலையும் இம்பெல்லரையும் காயிலையும் மாற்றட்டும். அதுவரை துடுப்பும் நங்கூரமும் வள்ளத்தில் இருக்கட்டும், கூட இன்னொரு வள்ளம் இல்லாமல் தீவைத் தாண்ட வேண்டாம்.